நம்ம ஊரில் இலையுதிர் காலம் எப்போது? பள்ளி முற்றத்துப் பருவங்கள்: வாசகர் கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் இயற்கையைப் படிக்கவைப்பது பற்றியவை இந்த இதழில்.

நான்கு பருவம் போட்ட படப் புத்தகத்தை வகுப்பில் காட்டினேன். "நம்ம ஊர்ல இலையுதிர் காலம் எப்ப மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டான். என்ன பதில் சொல்வது?
(ஆசிரியை, பாகூர்)

மாசியில் என்று சொல்லுங்கள். சொன்னதோடு விடாமல் மாசி பிறந்ததும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

படப் புத்தகத்து நான்கு பருவம் பனி கொட்டும் நாடுகளுக்கு உரியது. அங்கே மரம் இலையைக் கழற்றுவது குளிருக்கு முன்னால். இங்கே மரம் பயப்படுவது குளிருக்கு அல்ல, வறட்சிக்கு. மார்கழியோடு மழை ஓய்கிறது. தை, மாசியில் மேல்மண் காய்கிறது. இலை வழியே போகும் நீரை மிச்சம் பிடிக்க வேம்பும் புங்கனும் இலை கொட்டுகின்றன. வேடிக்கை அடுத்ததுதான். பெரிய மழைக்கு இன்னும் ஐந்தாறு மாதம் இருக்கும்போதே, பங்குனி வெயிலில் அதே மரங்கள் தளதளவென்று துளிர்த்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருங்கள். ஆழத்தில் இறங்கிய வேர் என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

நம் பழைய ஆறு பருவங்களைச் சொல்லித்தரலாமா என்றால், தாராளமாக. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஆனால் இதையும் மனப்பாடமாக்கிவிடக் கூடாது. நம் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அதாவது நமக்கு அடைமழை காரில் அல்ல, கூதிரில். இளவேனில் என்று பெயர், வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கும். பெயருக்கும் நடப்புக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பதுதான் பாடம்.

அதற்கு ஒரு சக்கரம் போதும். சார்ட் அட்டையில் 60 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் வெட்டி, 12 தமிழ் மாதமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மாதத்தையும் முன்பாதி, பின்பாதி என்று கோடு போடுங்கள். முதல் குயில் கூவல், முதல் ஈசல், முதல் மாம்பூ, முதல் நுங்கு வண்டி என்று பார்த்தது பார்த்த அன்றே தேதியோடு ஏறவேண்டும். பல பள்ளிகளில் இந்தச் சக்கரம் ஜூன் மாதமே அழகாக நிரம்பிவிடுகிறது. டீச்சருக்குத் தெரிந்ததை டீச்சரே எழுதிவிடுகிறார்! வெறுமையாகத் தொங்கட்டும். வெற்றிடம்தான் பிள்ளைகளை வெளியே துரத்தும்.

வாரம் ஒரு முறை மரம் பார்க்கச் சொல்கிறார்கள். எந்த மரம், எதை எழுதுவது?
(இடைநிலை ஆசிரியர், நெல்லிக்குப்பம்)

தென்னை வேண்டாம். வருஷம் முழுக்க ஒரே மாதிரி நிற்கும், இரண்டாம் மாதமே பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். வேம்பு, புங்கன், புளி, சரக்கொன்றை, பிள்ளைகள் பாதாங்கொட்டை மரம் என்று சொல்லும் நாட்டு வாதுமை ஆகியவை நல்ல தேர்வு. நாட்டு வாதுமை இலை செக்கச்செவேல் என்று சிவந்து விழும். பார்வையை இழுக்க அதற்கு ஈடில்லை.

இரண்டு பிள்ளைக்கு ஒரு மரம். கண் உயரத்தில் ஒரு கிளையில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். துளிர், முதிர்ந்த இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய், பழம் என ஏழு வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றே வார்த்தை: இல்லை, சில, பல. மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் 'சில', அதற்கு மேல் 'பல'. இந்த அளவை முதல் நாளே சேர்ந்து பார்த்து முடிவு செய்யாவிட்டால், நான்கு பூ பார்த்ததுமே 'பல' என்று எழுதிவிடுவார்கள். இதே முறையில் மரம் பார்த்துப் பதிவு செய்ய 'சீசன்வாட்ச்' என்ற திட்டமும் நாட்டில் நடக்கிறது, பள்ளிகள் சேரலாம்.

அடிக்கடி வரும் கோளாறு இரண்டு. ஒன்று, 'இல்லை' என்பதை எழுதாமல் விடுவது. பூ இல்லாத வாரமும் ஒரு செய்தி. எழுதாமல் விட்டால் அன்று பூ இல்லையா, ஆளே போகவில்லையா என்று பின்னால் தெரியாது. இரண்டாவது, கோடை விடுமுறை. புங்கனும் கொன்றையும் பூப்பது சரியாக அப்போதுதான். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டருகே இன்னொரு மரம் கொடுங்கள்.

வேம்பைப் பார்ப்பவர்களுக்கு வேலை அதிகம், பலனும் அதிகம். இலை கொட்டியதும் வரும் துளிர் செம்பு நிறத்தில் இருக்கும். இரண்டு வாரத்தில் பச்சையாகிவிடும், அதற்குள் பார்த்தால் உண்டு. சித்திரைப் பிறப்புக்குப் பச்சடியில் போடும் வேப்பம்பூ, ஆனி, ஆடியில் மஞ்சள் பழமாக உதிரும். அதைப் பொறுக்கிச் சதையைப் பிதுக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். வேப்பங்கொட்டைக்கு முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். டப்பாவில் போட்டு வைத்து ஐப்பசி மழைக்கு விதைக்கிறவர்கள் "முளைக்கவே இல்லை" என்று வருத்தப்படுவது இதனால்தான்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பாட்டிலில் மழைமானி செய்தாள். செய்தித்தாளில் வரும் அளவோடு ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. எங்கே தப்பு?
(தாய், வில்லியனூர்)

தப்பே இல்லாமலும் இருக்கலாம். ஆவணி, புரட்டாசியில் மாலை நேரத்து இடிமழை ஒரு தெருவில் கொட்டி அடுத்த ஊரில் தூறல்கூடப் போடாது. ஆனால் ஐப்பசி அடைமழையிலும் எட்டத்தில் நின்றால் கருவியைச் சோதிக்கவேண்டும்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் இடுப்பு ஒடுங்காமல், வரி வரியாக மடிப்பு இல்லாமல், நேராக இருப்பதாக ஒன்று எடுங்கள். தோள்பகுதி வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மேல்பாகத்தை மூடி இல்லாமல் கவிழ்த்துச் செருகினால் புனல் ஆயிற்று. அதே பாட்டிலின் புனல் என்பது முக்கியம்: மழை விழும் வாயும் நீர் நிற்கும் உடலும் ஒரே விட்டமாக இருந்தால்தான் ஸ்கேலில் காட்டும் மி.மீ. மழையின் மி.மீ. ஆகும். வேறு பெரிய புனல் வைத்தால் அளவு கூடிவிடும்.

அடுத்தது அடிப்பாகம். அங்கே ஐந்து குமிழ் இருக்கும். நீர் மட்டம் அங்கே பொய் சொல்லும். கூழாங்கல் போட்டு, குமிழ் மறைந்து சுவர் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். ஸ்கேலின் பூஜ்யத்தை (ஸ்கேலின் விளிம்பை அல்ல) அந்தக் கோட்டில் பொருத்தி ஒட்டுங்கள். தினமும் அளந்தபின் நீரைக் கோடுவரை சரிசெய்துவிட வேண்டும். வெயில் நாளில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த மழையில் முதல் இரண்டு மூன்று மி.மீ. கணக்கில் வராது. "தூறல் போட்டதே, ஒன்றுமே காட்டவில்லை" என்ற புகாருக்குப் பாதி காரணம் இதுதான்.

இடம்: மாடிச் சுவர் ஓரம், மரத்தடி, சன்ஷேடு பக்கம் கூடாது. பக்கத்துச் சுவர் 4 மீட்டர் உயரமென்றால் 8 மீட்டர் தள்ளி வையுங்கள். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், தாழ்ந்தால் தரையில் மோதித் தெறிக்கும் நீரும் உள்ளே போகும். நான்கு செங்கல்லுக்கு நடுவே இறுக்கி வைத்தால் காற்றுக்குச் சாயாது. எறும்பு, இலை, ஒருமுறை குட்டித் தவளைகூட விழும். எடுத்துப் போட்டுவிட்டு அளக்கலாம், அளவு பெரிதாக மாறாது. தண்ணீரை நாள்கணக்கில் விட்டால் கொசுப்புழு வரும்.

நேரம்: காலை 8.30. வானிலைத் துறையின் ஒரு நாள் என்பது முந்தைய காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை. உங்கள் மகள் பள்ளி விட்டு வந்து மாலையில் அளந்தால் இரண்டு நாள் மழை கலந்துவிடும். செய்தித்தாளோடு ஒத்துப்போகாததற்கு இதுவே முதல் சந்தேகம்.

நேரான பாட்டில் கிடைக்கவில்லையென்றாலும் வழி உண்டு. வாய் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 ச.செ.மீ. சேர்ந்த நீரை ஊசி போடாத 10 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து, பரப்பால் வகுத்து, பத்தால் பெருக்குங்கள். 157 மி.லி. சேர்ந்திருந்தால் 20 மி.மீ. மழை. ஆறாம் வகுப்புக் கணக்குக்கு இது அல்வா.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாட்டிலில் நேரான பகுதி சுமார் 15 செ.மீ. தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் பெய்தது ஏறத்தாழ 48 செ.மீ. பாட்டில் மூன்று தடவை வழிந்திருக்கும். புயல் அறிவிப்பு நாளில் பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். மழையின் நடுவில் அளந்து கொட்டுவதெல்லாம் பெரியவர் வேலை, அதுவும் காற்று ஓய்ந்திருந்தால்.

அளவு தெரிந்தபின் அதை என்ன செய்வது? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். 10 மீட்டருக்கு 6 மீட்டர் வகுப்பறை மாடியில் 25 மி.மீ. பெய்தால் 1,500 லிட்டர். அந்தத் தண்ணீர் எந்தக் குழாய் வழியே எங்கே போகிறது என்று பிள்ளைகள் மாடியிலிருந்து தரைவரை தேடிப்போகட்டும். மழைநீர்க் குழியில் விழுகிறதா, சாக்கடையிலா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

நண்பகலில் நிழல் காலடியில் விழுந்து மறைந்துவிடும் என்கிறார்கள். எங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்துக்கு எப்போதும் நிழல் இருக்கிறதே?
(ஒன்பதாம் வகுப்பு மாணவர், கடலூர் முதுநகர்)

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். நம் ஊரில் நிழல் மறைவது ஆண்டில் இரண்டே தடவை: ஏப்ரல் 21-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி ஒருமுறை. மற்ற நாட்களில் சூரியன் நம் தலைக்குத் தெற்கேயோ வடக்கேயோ தள்ளியே கடக்கும்.

கொடிக்கம்பம் உயரம் தெரியாது, பீடமும் இடைஞ்சல். ஒரு மீட்டர் நேரான கம்பி அல்லது பிவிசி குழாயை மண் நிரப்பிய வாளியில் நடுங்கள். மண்ணுக்கு மேல் சரியாக 100 செ.மீ. நிற்கவேண்டும், நிழல் விழும் தரை வாளியின் மண் மட்டத்திலேயே இருக்க, வாளியைத் தரையில் புதைப்பது நல்லது. கொத்தனாரின் தூக்குக்குண்டை இரண்டு பக்கமும் பிடித்து நேர் பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலே நிழல் கிட்டத்தட்ட 2 செ.மீ. பிசகும். 11.45 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் புள்ளி வையுங்கள். எது மிகக் குட்டையோ அது உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். அந்த நிழலின் கோடு வடக்கு தெற்கு.

வரவேண்டிய அளவு இது. ஜூன் 21: தெற்குப் பக்கம் 20 செ.மீ. ஆகஸ்ட் 15: தெற்கே 4 செ.மீ. செப்டம்பர் 23: வடக்கே 21. குழந்தைகள் தினத்தன்று, நவம்பர் 14: வடக்கே 58. டிசம்பர் 22: வடக்கே 71, அதுதான் ஆண்டின் உச்சம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் வித்தியாசம் அரை செ.மீ.கூட வராது. ஜூனில் நிழல் தெற்கே விழுவதைப் பார்த்துப் பெரியவர்களே திசைகாட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள்!

கடிகாரம் 12 காட்டும்போது நண்பகல் என்று நினைத்து ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவதுதான் பொதுவான பிழை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் இருப்பது 80-க்குச் சற்றுக் குறைவில். ஏப்ரலில் நண்பகல் 12.10-ஐ ஒட்டி வரும். பூமியின் ஓட்டம் சீராக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் அது நவம்பர் தொடக்கத்தில் 11.55 பக்கமும் பிப்ரவரி நடுவில் 12.25 பக்கமும் நகரும். சூரியனை நேராகப் பார்க்கவேண்டாம். வேலை முழுக்க நிழலோடுதான்.

அடுத்து நீங்களே கேட்கப்போகும் கேள்விக்கு: ஏப்ரலைப் போலவே ஆகஸ்டிலும் சூரியன் தலைக்கு மேலே வந்தும் ஏன் அந்த வெயில் இல்லை? மழைமானி வைத்திருப்பவரிடம் ஆகஸ்ட் பதிவைக் கேளுங்கள். மேகமும் ஈர மண்ணும் பதில் சொல்லும்.

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்பதெல்லாம் உண்மையா? பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?
(தமிழாசிரியை, பண்ருட்டி)

சொல்லுங்கள், சோதிக்கவும் விடுங்கள். "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறில் மழை பெய்யும்" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆவணி முதல் கார்த்திகைவரை தினமும் மாலை 4 மணிக்கு, மைதானத்தின் ஒரே மூலையில், பத்து நிமிடம். 'தாழ' என்றால் எவ்வளவு என்று முன்பே வரையறுங்கள்: ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தலைக்குக் கீழே. 'மழை' என்றால் அடுத்த 24 மணி நேரத்தில் மழைமானியில் 1 மி.மீ.யாவது.

நான்கு கட்டம் போடுங்கள். தட்டான் தாழ்ந்தது, மழை வந்தது; தாழ்ந்தது, வரவில்லை; தாழவில்லை, வந்தது; இரண்டும் இல்லை. மனிதர்கள் முதல் கட்டத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் மறந்துவிடுவார்கள். பழமொழி நிலைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கார்த்திகையில் அடிக்கடி மழை பெய்யும் என்பதால் எந்தப் பழமொழியும் பலிப்பதுபோலத் தெரியும். அதனால் ஆவணிக் கணக்கைத் தனியாகப் பாருங்கள். முடிவு எப்படி வந்தாலும் வரட்டும், பழமொழிக்காகத் திருத்தாதீர்கள்.

ஊசுட்டேரிக்கு 40 பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப் போகவேண்டும். எப்போது, எப்படி?
(தலைமையாசிரியர், புதுச்சேரி)

மார்கழி பிற்பாதி முதல் மாசிவரை. மழை முடிந்து ஏரி நிரம்பி, வடக்கேயிருந்து வலசை வந்த பறவைகளும் சேர்ந்திருக்கும் காலம். காலை 6.30-க்கு அங்கே இருங்கள், 8.30-க்கு மேல் கானல் ஆடி, தூரத்தில் எல்லாம் கரும்புள்ளியாகிவிடும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கரையாகப் பார்த்து நில்லுங்கள். எதிர்வெயிலில் பறவையின் நிறமே தெரியாது.

நாற்பதையும் ஒரே கூட்டமாக நிறுத்தினால் பறவையைப் பார்க்க முடியாது, பிள்ளைகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். பத்துப் பத்தாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பெரியவர். நான்கு பிள்ளைக்கு ஒரு பைனாகுலர் போதும். 8×40 (எட்டு மடங்கு பெருக்கம், 40 மி.மீ. வில்லை) நல்லது, அதற்கு மேல் உருப்பெருக்கினால் சின்னக் கையில் ஆடும். முந்தைய வாரமே பள்ளியில் ஒரு காக்கையைக் காட்டிப் பழக்குங்கள்: முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கருவியை வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் வானமும் கோரையும்தான் தெரியும்.

முதல் தடவைக்கு எட்டுப் பறவை தெரிந்தால் போதும்: நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, ஊசிவால் வாத்து, பஞ்சுருட்டான். நாமக்கோழியை எல்லோரும் வாத்து என்பார்கள். உடம்பு கறுப்பு, நெற்றியில் நாமம் போட்டதுபோல வெள்ளை, அலகு கோழி அலகு; வாத்துக்குத் தட்டையலகு. நத்தைகுத்தியின் அலகை மூடிய நிலையில் பாருங்கள், நடுவில் பாக்குவெட்டிபோல இடைவெளி தெரியும். பெரிய கூட்டத்தை எண்ண, முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதுபோல எத்தனை பங்கு என்று எண்ணவேண்டும்.

பொங்கல் விடுமுறையில் நடக்கும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த எல்லாப் பறவையையும் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும். வீட்டு வாசலிலிருந்தும் செய்யலாம். இதைப் பழகினால் ஏரிக்கு வருஷம் ஒருமுறை போவதைவிடப் பள்ளிச் சுவரோரம் வாரம் ஒருமுறை எண்ணுவது பயன் தரும்.

கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். இரண்டு மணி நேரப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான்.

கடற்கரையில் விளையாட்டு தவிரப் படிக்க என்ன இருக்கிறது?
(பெற்றோர், தேவனாம்பட்டினம்)

மணல் இடம்பெயர்வதைப் படிக்கலாம். கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்காமல், ஒரு பெரியவர் தேங்காய் மட்டைத் துண்டை அலை உடையும் இடத்தில் எறியட்டும். கரையில் குச்சி நட்டு, ஐந்து நிமிடத்தில் மட்டை எந்தப் பக்கம் எத்தனை அடி நகர்ந்தது என்று அளக்கவேண்டும். ஆடியில் பெரும்பாலும் வடக்கே போகும், கார்த்திகைக்குப் பின் தெற்கே. மணலும் அப்படியே. ஆண்டுக் கணக்கில் வடக்கே போகும் மணல்தான் அதிகம். அதனால்தான் 1980-களின் இறுதியில் கட்டிய புதுச்சேரித் துறைமுகத் தடுப்புகளுக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது.

இன்னொன்று நண்டு வளை. நீர் விளிம்பிலிருந்து கரைப்பக்கமாக 10 மீட்டர் கயிறு கட்டி, இருபுறமும் அரை மீட்டருக்குள் உள்ள வளைகளின் வாயை ஸ்கேலால் அளங்கள். விளிம்பருகே சின்ன வளை, மேலே போகப் போகப் பெரியது. குஞ்சு நண்டுக்கு ஈரம் அதிகம் வேண்டும். வளர்ந்தது ஆழமாகத் தோண்டி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வளைக்குள் கையோ குச்சியோ விடவேண்டாம்.

தை முதல் பங்குனிவரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமை) முட்டையிடும் காலம். தடமோ முட்டைக்குழியோ தெரிந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இரவில் ஆமை பார்க்கப் போனால் டார்ச் அடிப்பதோ ஃப்ளாஷ் போட்டுப் படமெடுப்பதோ கூடாது.

பாம்பு, பூச்சிக்கடி பயத்தில் பெற்றோர் அனுமதி தருவதில்லை.
(ஆசிரியர், குறிஞ்சிப்பாடி)

பயம் நியாயமானது, அதை மறைக்காமல் ஏற்பாட்டைக் காட்டுங்கள். பாம்பைவிட நம் பக்கம் முதலில் பார்க்கவேண்டியது கதண்டு என்னும் பெரிய குளவி. பனையிலும் பாழடைந்த சுவரிலும் கூடு இருக்கிறதா என்று முந்தைய நாளே ஒருவர் சுற்றிப் பார்க்கட்டும். இருந்தால் அந்த இடமே வேண்டாம், கல்லெறிந்து விரட்டுவது இன்னும் மோசம். மழைக்குப் பின் புல் வளர்ந்த இடத்தில் மூடிய காலணி, முன்னே ஒருவர் தரையைத் தட்டியபடி நடப்பது, கல்லையும் கட்டையையும் கையால் புரட்டாதிருப்பது. பாம்பு கடித்தால் கீறல், கட்டு, பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

முருங்கைக் கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்காமல், செலோடேப்பை ஒட்டி எடுத்து முடியை நீக்கியபின் கழுவுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள். பிச்சாவரம் போகிறவர்கள் தில்லை மரத்துக் கிளையை ஒடிக்கக் கூடாது, அதன் பாலும் கண்ணுக்கு ஆகாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் அதுதான் என்று படகிலேயே சொல்லலாம், தூரத்திலிருந்து. இடி கேட்டால் அந்த நிமிடமே கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பின் அரை மணி கழித்துத்தான் வெளியே.

திருவக்கரை கல்மரப் பூங்காவிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்துவந்து வகுப்பில் வைக்கலாமா?
(ஆசிரியை, புதுச்சேரி)

கூடாது, சட்டப்படி குற்றம். அங்கேயே ஆண்டு வளையத்தைக் காகிதத்தில் வரைந்துவாருங்கள். பறவைக் கூடும் முட்டையும் அப்படியே: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். காற்றில் விழுந்த பழைய தூக்கணாங்குருவிக் கூட்டைக்கூட எடுக்காமல், விழுந்த இடத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். தானாக உதிர்ந்த இலை, பூ, விதை இவற்றைச் சேகரிக்கத் தடையில்லை.

முதல் மழைக்குப் பின் மைதானத்தில் சிவப்பு வெல்வெட் போல ஒரு பூச்சி வருகிறதே, அதைத் தீப்பெட்டியில் வைத்து வளர்க்கலாமா?
(நான்காம் வகுப்பு மாணவி, அரியாங்குப்பம்)

அது பூச்சியே இல்லை. பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி என்றெல்லாம் பெயர் இருந்தாலும், கால் எண்ணிப் பார்த்தால் எட்டு. பூச்சிக்கு ஆறுதான். இது சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தக்காரர். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருந்துவிட்டு, மழை மண்ணை நனைத்ததும் சில நாள் மட்டும் மேலே வரும். தீப்பெட்டியில் ஈரம் போய்ச் செத்துவிடும்.

ஒரு வெள்ளைத் தாளை அதன் வழியில் வையுங்கள், தானே ஏறும். விரலால் பிடிக்கவேண்டாம். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். பொறுமையாக ஒரு நிமிடம் பார்த்திருந்தால் முன்னங்கால் இரண்டையும் மெதுவாக நீட்டித் தடவிப் பார்த்தபின்தான் நடக்கத் தொடங்கும். எட்டையும் எண்ணிவிட்டு, தேதியையும் அன்றைய மழை அளவையும் நோட்டில் எழுதிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டும் அந்த இடத்தில் பார்க்கலாம்.